கிளப்புக்குப் போன மூடுபனி

1974ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஆஸ்திரேலியாவின் பிளாக்டவுனில் புதிதாக வாடகைக்கு எடுத்த வீட்டில் நித்தியானந்தன் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, கம்பளிச் சட்டைகளுக்கு அடியிலிருந்து லண்டன் மூடுபனி எழுந்து வந்து முன்னறையில் குடியேறியது. லண்டனிலேயே ஒழிந்துபோயிருந்த பழைய கரிப்புகைப் பனி அது. ஜன்னல்களைத் திறந்துவிட்டும் போகவில்லை. அவர் மனைவி இரஞ்சிதம் குசினியில் மிளகாய்த்தூளை மூக்கால் தேடியெடுக்கப் பழகிக்கொண்டாள். உடுப்புக் காயவில்லை என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே குறை.

நித்தியானந்தனின் கவலை வேறு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினேழு வருடம் லண்டனில் மின்பொறியியலாளராக உழைத்து, பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு வந்திறங்கியவர் அவர். அங்கே இருந்தவரை எல்லோரும் எந்த நாடு என்று கேட்டார்கள். இங்கேயாவது லண்டன்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நம்பி, தெருக்கோடியில் பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் நடத்திய கிளப்பில் சேரப் போனார். செயலாளர் விட்லி லீட்ஸ் நகரத்துக்காரர்.

"எந்த ஊர்?" என்றார் விட்லி.

"லண்டன்."

"அது சரி, உண்மையில் எந்த ஊர்?"

கடவுச்சீட்டை நீட்டினார். விட்லி அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, கிளப் பிரிட்டன்காரர்களுக்கு மட்டும் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை. அடுத்தடுத்த வருடங்களிலும் போய்க் கேட்டார். அதே கேள்வி, அதே பதில்.

இதற்கிடையில், கதவிடுக்கால் கசிந்த பனியை ஒருநாள் தெருவில் போன விட்லி முகர்ந்து, நின்ற இடத்திலேயே அழுதார். அதிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் கிளப்காரர்கள் நித்தியானந்தன் வீட்டு முன்னறைக்கு வந்து, இடுப்பளவு பனியில் நின்று ஆனந்தமாக இருமினார்கள். இரஞ்சிதத்தின் தேநீரைக் குடித்தார்கள். போகும்போது, அவர் எந்த ஊர் என்று மறக்காமல் விசாரித்தார்கள்.

"விடிய விடிய இராமர் கதை, விடிஞ்சாப்பிறகு சீதைக்கு இராமர் என்ன முறை எண்ட மாதிரியெல்லே கிடக்கு," என்றாள் இரஞ்சிதம். "இஞ்சாருங்கோ, இவைக்கு இனித் தேத்தண்ணி ஊத்த என்னாலை ஏலாது."

1977இல் கிளப் கூட்டம் கூடி, மூடுபனியை ஆயுள் உறுப்பினராக ஏகமனதாகச் சேர்த்துக்கொண்டது. உறுப்பினர் ஒருவர் ஒரு விருந்தாளியை அழைத்துவரலாம் என்பது விதி. ஆகவே பனியின் விருந்தாளியாக நித்தியானந்தனும் வரலாம் என்றார் விட்லி, பெரிய மனதோடு. நித்தியானந்தன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஒரே ஒரு சனிக்கிழமை போனார். ஆளுக்கு ஆள் பனியை நலம் விசாரித்தார்கள். அவரிடம் எந்த ஊர் என்று கேட்டார்கள்.

"நான் இனிப் போகமாட்டன்," என்று கழுத்துப்பட்டியைக் கழற்றி எறிந்தார். "அதுக்கு வேணுமெண்டால் அது போகட்டும்."

அது போனது. சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கதவிடுக்கால் இறங்கி, இரண்டு பக்கமும் வாகனம் பார்த்துத் தெருவைக் கடக்கும். அந்த நேரம் பார்த்து இரஞ்சிதம் உடுப்புகளை முன்னறையில் காயப்போடுவாள். இருட்டியபின் பியர் வாசத்தோடு திரும்பி வரும். அவள் கதவைத் திறந்துவிடுவாள்.

கதிரையில் இருந்தபடி நித்தியானந்தன் வாரம் தவறாமல் கேட்பார்.

"இண்டைக்காவது எந்த ஊர் எண்டு கேட்டவையோ?"

பனி வந்து அவர் காலடியில் படுக்கும். கேட்டிருக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.