இரண்டு பள்ளிக்கு ஒரு மணி

கூட்டத்தில் இருந்தவர்கள்: எங்கள் பள்ளித் தலைமையாசிரியை, எதிர்ப்பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர், அவரிடம் வேதியியல் டீச்சராக இருக்கும் என் அக்கா, இரவுக் காவல் முடிந்தும் வீட்டுக்குப் போகாத நான். காலை மணியை அடிப்பவன் நான்தான் என்பதால் உட்காரச் சொன்னார்கள்.

எங்களிடம் லேப் உண்டு, வேதியியலுக்கு ஆள் இல்லை. அவர்களிடம் அக்கா உண்டு, ஒரு பியூரெட்கூட இல்லை. அதனால் இரண்டு பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பும் இரண்டாவது பீரியடில் எங்கள் லேபில் ஒன்றாகச் செய்முறை செய்வதென்று ஏற்பாடு.

கெடுத்தது மணி. எங்களுக்கு ஒன்பதுக்கு, அவர்களுக்கு ஒன்பதேகாலுக்கு. வாரம் முழுக்கத் தினமும் கால் மணி நேரம் வீண். அனுசரித்துப் போவோமென்று மேடம் திங்கட்கிழமை முதல் ஒன்பதேகாலுக்கு மாற்றினார். அதே திங்கட்கிழமை, அதே நல்ல மனசோடு, சார் ஒன்பதுக்கு மாற்றினார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவருடைய நாற்பத்தொரு பிள்ளைகள் பூட்டிய லேப் வாசலில் நின்றார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள்.

"நீங்களே ஒரு நேரம் சொல்லுங்க சார்."

"ஐயோ, உங்க இஷ்டம் மேடம்."

கல்யாண வீட்டுச் சம்பந்திகள் இவர்களிடம் தோற்றார்கள். கடைசியில் மேடம், "இந்த வருஷம் விட்டுடலாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்.

"அடுத்த வருஷம் இந்தப் பிள்ளைங்க இருக்க மாட்டாங்க மேடம்," என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்தீங்க, அதான் வினை. ஒருத்தர் விட்டுக்கொடுத்தாப் போதும்."

"யாரு?" என்றார் சார்.

"நாமதான் சார். நம்ம மணியை நிறுத்துங்க. இவங்க மணி நம்ம மாடி வரைக்கும் கேக்குது."

"பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைப் பாத்துப் பொழைக்கிறவன்னு ஊரே சிரிக்கும் டீச்சர்."

"சிரிக்கட்டும். பியூரெட்டை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியாம நம்ம பிள்ளைங்க பரீட்சையில முழிக்கிறதை விடத் தேவலை."

தன் மேலதிகாரியிடம்தான் பேசுகிறாள். குரல் இறங்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

மேடம் பேனாவை மூடினார். "மணி எங்களுதுன்னா நேரம் உங்களுது சார். ஒன்பதேகாலே இருக்கட்டும். எங்க ஆசிரியர்கள் கத்தினா நான் பாத்துக்கறேன்."

சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இப்பவே வாங்க. நாளைக்குன்னா மனசு மாறிடும்."

தெருவைக் கடந்தோம். அவர்கள் மணியின் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகள் போட்ட அறையில் இருந்தது. சார் சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே போனார்.

"டேய், நீ ஒண்ணும் எடுத்துக் குடுக்காதே. அவரே செய்யட்டும்," என்றாள் அக்கா காதோடு.

ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார்.

"இனிமே தூங்கிடாதேப்பா. எண்ணூறு பிள்ளைங்க உன் கையில."

"தூங்க மாட்டேன் சார்."

அவர் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி அக்காவே பூட்டினாள்.