பெரியண்ணன் வைன்

போத்தலின் மேல் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அக்குறணையில் வாகனங்கள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறுவதுபோல் நெருக்கி நின்ற நேரத்தில், தம்பி நிதுஷன் அனுப்பிய படத்தை விஜிதா விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, வகிடெடுத்து எண்ணெய் வைத்த தலை, அதற்கு மேலே தங்க நிறத்தில் ஆங்கில எழுத்துகளில் அப்பாவின் பெயர்: பெரியண்ணன் வைன், பரம்பரைக் கைப்பக்குவம். யாரோ ஒருவருடைய கல்யாண வீட்டில் பிடித்த படம் அது. அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது கிளாஸுக்கும் நான்காவது கிளாஸுக்கும் நடுவில் வருகிற சிரிப்பு. நான்காவதுக்குப் பிறகு அப்பாவுக்குச் சிரிப்பு வராது, கைதான் வரும்.

"இந்தக் கூத்தப் பாருங்க," என்று போனைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

நிமலன் ஸ்டியரிங்கில் ஒரு கையும் கேகாலையில் வாங்கிய அன்னாசித் துண்டில் ஒரு கையுமாக இருந்தான். "அட, மாமா ஷோக்கா இருக்காரே," என்றான். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் வாயில் இருந்ததை மெல்லாமலே விழுங்கினான். "இல்ல விஜி, தம்பி பாவம். ஆசையா செஞ்சிருக்கான். சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான். சாப்பிட்டோமா, டேஸ்ட் பண்ணோமான்னு இருந்துட்டு வந்துரலாம்."

வத்தளையிலிருந்து காலையில் புறப்பட்டதிலிருந்து அவன் அந்த இரண்டைத்தான் செய்துகொண்டு வந்தான். கடுகண்ணாவையில் கட்டச் சம்பலோடு ரொட்டி, கண்டியில் கோப்பி, இடையில் கண்ணில் பட்ட கச்சான், சோளம் எல்லாம். வைன் குடிப்பது எப்படி என்று போனில் ஒரு வீடியோகூடப் பார்த்து வைத்திருந்தான். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களோடு பயணம் போனால் கோபத்தைத் தனியாகச் சுமக்க வேண்டும்.

மாத்தளை டவுனுக்குள் வந்ததும் முத்துமாரியம்மன் கோயில் முன்னால் அவன் காரை மெதுவாக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். விஜிதா கையைத் தூக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு அம்மனோடும் பேச்சு இல்லை. அவள் நினைப்பெல்லாம் இதே டவுனில் உள்ள கோர்ட்டு வாசலில் இருந்தது. பதின்மூன்று வயதில், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு, மூக்கொழுகும் நிதுஷனை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்றாள். உள்ளே அம்மா நின்றாள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கோழிக்கூட்டுக்கு அடியில் குழி வெட்டிப் பானை புதைத்து, சாதிக்காய்ச் சதையும் அன்னாசித் தோலும் சீனியும் ஈஸ்டும் போட்டு ஊற வைத்து, தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஆண்களுக்குக் கிளாஸ் கணக்கில் விற்றவள் அம்மா. அந்தக் காசில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது, விஜிதா படித்தாள். அப்பா செய்ததெல்லாம் குடித்ததுதான். பொலிஸ் ஜீப் வந்த அன்று பின் கதவால் தேயிலைக்குள் இறங்கி ஓடியவர், பிறகு பல்லேகமப் பக்கம் இன்னொருத்தியோடு வாழ்ந்து அங்கேயே செத்தும் போனார். பள்ளிக்கூடத்தில் விஜிதாவுக்குப் பெயர் கிடையாது. சாராயக்காரி மகள், அவ்வளவுதான். இப்போது அந்த மனுஷனுக்குத் தங்க எழுத்தில் பெயர்.

பலாபத்வலையில் ஏ ஒன்பது வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிதுஷனின் இடம். வாசனைத்தோட்டம் ஒன்றில் சுற்றுலாக்காரர்களுக்கு மிளகையும் கறுவாவையும் காட்டி விளக்கம் சொல்கிற வேலையில் இருந்தான். கொரோனாவில் அது போய், வேலியோரத்தில் சாதிக்காய் மரங்கள் நிற்கிற இந்தக் காணியைக் குத்தகைக்கு எடுத்து, தோட்டத்திலிருந்து அம்மாவையும் இங்கே இறக்கிக்கொண்டு வந்திருந்தான். வைன் லைசன்ஸுக்கு இரண்டு வருடம் அலைந்தான். அதெல்லாம் சரி. கெட்டிக்காரன்தான். ஆனால் முற்றத்தில் அவன் கட்டி வைத்திருந்ததைப் பார்த்ததும் விஜிதாவுக்குக் காரிலிருந்து இறங்கவே கால் வரவில்லை. தகரக் கூரை, தாழ்ந்த வாசல், சின்ன இஸ்தோப்புத் திண்ணை, கரி பூசிக் கறுப்பாக்கிய சுவர். அச்சு அசலாக அவர்கள் முன்பு இருந்த லயத்துக் காம்பரா, அதே ஒற்றை அறை. வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவதற்காம். அந்தக் கரியிலிருந்து தப்பி வருவதற்கு அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. இவன் காசு கொடுத்துக் கரி பூசியிருக்கிறான்.

"அக்கா! மச்சான்! வாங்க, வாங்க," என்று ஓடி வந்தான் நிதுஷன். புதுச் சப்பாத்து, புதுச் சாரம், தலையில் ஒரு துண்டுக் கட்டு. "ஏஜென்ட் ஐயா இப்ப வந்துருவாரு. இன்னைக்கு அவருக்குப் புடிச்சிட்டா வாரா வாரம் வெள்ளைக்காரங்கள ஏத்தி வான் அனுப்புவாரு. அக்கா, ஒன்ன கும்புட்டுக் கேட்டுக்குறேன், மொகத்தக் கொஞ்சம் சரியா வச்சிக்க."

"மொகத்துக்கு என்னா? போத்தல்ல ஒட்டப் போறியா?"

அவன் நிமலனின் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனான்.

குசினியில் அம்மா பலாக்கொட்டைக் கறியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கல்லில் தேங்காய் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் மருதாயி, பலாபத்வலைக் கோயில் மாதர் சங்கத்தில் பெரிய கை. அம்மாவை அவள் அழகம்மாக்கா, அழகம்மாக்கா என்று மூச்சுக்கு மூச்சு மரியாதையாகக் கூப்பிட்டாள். விஜிதா வந்ததையும் பார்க்காமல் அம்மா எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்க் கேட்டால் இங்கிலீஷ். "திஸ் இஸ் மை ஹஸ்பண்ட் சீக்ரெட். திஸ் இஸ் மை ஹஸ்பண்ட் சீக்ரெட்." மகன் மனப்பாடம் செய்யக் கொடுத்த வசனம்.

விஜிதாவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. "ஒனக்கு வெக்கமா இல்லையாம்மா? ஓடிப்போன மனுஷனுக்கு நீ நின்னு சாட்சி சொல்லப் போறியா?"

அம்மாவின் கண் ஒரு நொடி மருதாயியிடம் போய் வந்தது. "கத்தாத. சாப்பாடெல்லாம் முடியட்டும், பேசிக்கலாம்."

"என்னா பேசுறதுக்கு இருக்கு? எல்லாம் அவன் ஆட்டுற மாதிரி ஆடுறது."

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருடி," என்றாள் அம்மா. விஜிதாவுக்கு அது பயந்த குரலாகத்தான் கேட்டது. மகனுக்குப் பயம், மகன் போடுகிற சோற்றுக்குப் பயம். யாருக்குமே பயப்படாமல் பொலிஸ் ஜீப்பில் ஏறிய பொம்பளையை இந்தப் பயல் இப்படி ஆக்கி வைத்திருக்கிறானே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

வான் வந்தது. நான்கு வெள்ளைக்காரர்களும், சமித்த என்கிற கொழும்பு ஏஜென்டும். பேசத் தொடங்கினால் நிறுத்தாத, நிறுத்தினால் சிரிக்கிற ஆள். கரி பூசிய காம்பராவுக்குள் பலகை வாங்குகளில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். முதலில் நெல்லி வைன் வந்தது, அவித்த மரவள்ளியோடு. பிறகு அம்பரெல்லாப் பழ வைன், ரொட்டியோடும் கருவாட்டோடும். நிமலன் வீடியோவில் பார்த்தபடி கிளாஸைச் சுழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூக்கை உள்ளே விட்டு, மீசையை நனைத்துக்கொண்டான். ஒவ்வொரு கிளாஸுக்கும் நிதுஷன் இங்கிலீஷில் ஒரு கதை சொன்னான். எந்தக் கதையிலும் அப்பா குடித்துவிட்டு விழவில்லை. எந்தக் கதையிலும் அம்மா இல்லவே இல்லை.

மூன்றாவதாகச் சாதிக்காய் வைன். விஜிதா வேண்டாம் என்றுதான் இருந்தாள். நிமலன் கிளாஸைக் கையில் திணித்ததும் ஒரு வாய் குடித்தாள். குடித்த உடனே கண் கலங்கிவிட்டது. அதே ருசி. கோழிக்கூட்டுக்கு அடியில் பலகையைத் தூக்கியதும் முகத்தில் அடிக்கும் அதே வாசம், நாக்கின் ஓரத்தில் அதே காரம். அம்மாவின் கை. அந்தக் கையை வெட்டி அப்பாவுக்கு ஒட்டியிருக்கிறானே பாவி என்று நினைத்துக் கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

"இனி எங்க பழக்கம் ஒண்ணு," என்று நிதுஷன் எழுந்தான். அறையின் ஒரு பக்கம் ஸ்டூல் ஒன்றில் அப்பாவின் படம் மாலையோடு இருந்தது. அதற்கு முன்னால் தலைவாழை இலை போட்டிருந்தது. இலையில் ரொட்டி, கருவாடு, ஒரு சுருட்டு. செத்தவர்களுக்கு அவர்கள் விரும்பியதை வைத்துப் படைப்பது. வீட்டு ஆட்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம். அதை நிதுஷன் இங்கிலீஷில் விளக்க, வெள்ளைக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவன் ஊதுபத்தியைக் கொளுத்திக் குத்திவிட்டு, இலையில் ஒரு கிளாஸ் சாதிக்காய் வைனை வைத்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் கையில் போத்தலைக் கொடுத்தான். "அக்கா, மூத்த புள்ள நீதானே. வந்து சூடத்தப் பத்த வை."

விஜிதா எழுந்தாள். சூடத்தை எடுக்கவில்லை. ஏஜென்டைப் பார்த்து, அவனுக்கு நன்றாக விளங்க வேண்டும் என்று, சிங்களத்திலேயே தொடங்கினாள். இந்த ஆள் இதைச் செய்யவில்லை, இந்த ஆளுக்கு ஒரு பானை வைக்கவும் தெரியாது, செய்தது இதோ நிற்கிறாளே இந்தப் பொம்பளை, இரவிரவாக ஒளித்துச் செய்து விற்றாள், பொலிஸில் பிடிபட்டாள், மாத்தளைக் கோர்ட்டில் குற்றவாளியாக நின்றாள், ரிமாண்டில் இருந்தாள், அந்த நேரம் இந்த ஆள் பின் கதவால் ஓடினான். போடுவதென்றால் அவள் பெயரைப் போடுங்கள். இத்தனை வருடமும் உள்ளே கிடந்தது ஒன்றும் மிச்சமில்லாமல் வந்தது. சொல்லி முடித்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டால், திரும்பிப் பார்க்கும் வரைக்கும்தான்.

குசினி வாசலில் ரொட்டித் தட்டோடு மருதாயி நின்றாள். அவளுக்கும் சிங்களம் தெரியும். பலாபத்வலையில் யாருக்குத் தெரியாது? தட்டைக் கீழே வைத்தாள். அம்மாவை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தாள். அழகம்மாக்கா என்று சொல்லவில்லை. முந்தானையில் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, பின் பக்கமாக இறங்கிப் போனாள். கேட் கிறீச்சிட்டது.

அம்மா மகளின் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. "அப்பா பேரப் போடுன்னு அவன்கிட்ட சொன்னது நான்தான்டி. செத்த ஆளுக்கு என்னா வந்துச்சு? அவனுக்கும் ஒரு அப்பன் கெடச்ச மாதிரி இருக்கட்டும்னு சொன்னேன். நான் இந்த ஊர்ல நாலு பேரு மொகத்துல முழிக்கணும்னு சொன்னேன். இங்க வந்துதான் என்னைய அக்கான்னு ஒருத்தி கூப்ட்டா. ஒனக்கு அது பொறுக்கல."

"அம்மா, நான் ஒனக்காகத்தான்..."

"எனக்காகவா? என்னைய கேட்டியா?"

இவ்வளவு நேரமும் ஏஜென்ட் சமித்த வெள்ளைக்காரர்களுக்கு எல்லாவற்றையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். அவர்களில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். இன்னொருவர் கை தட்டினார். சமித்த துள்ளி எழுந்தான். "நியமய்! பிரமாதம்! இதுதான் கதை! அப்பா கதை எல்லா இடத்திலும் இருக்குது, தம்பி. பொலிஸுக்கு ஒளிச்சு வைன் செஞ்ச அம்மா எங்க இருக்குது? லேபிளை மாத்து. அம்மாட மூஞ்சி. அடுத்த வாரமே ரெண்டு வான் நான் அனுப்புறேன்." அவன் தமிழ் இப்படித்தான், ஆனால் ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை.

நிதுஷன் அக்காவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கடைசியில் ஏஜென்டைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைக் கண்டு விஜிதாவுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. யாரை அறைந்தாலும் தன் கன்னத்தில் விழவேண்டிய அறை ஒன்று மிச்சம் இருக்கும் என்றும் தெரிந்தது. நிமலன் பக்கத்தில் வந்து அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"இப்பவே ஒரு போட்டோ. வெளிச்சம் நல்லம்," என்றான் சமித்த. "அம்மே, இங்க வாங்க, இங்க இருங்க." நிதுஷன் அப்பாவின் படத்தை மாலையோடு தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். காலியான ஸ்டூலில் அம்மாவை உட்கார வைத்தார்கள். மடியில் போத்தல். அம்மா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, தோட்டத்து ஆபீஸில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவளைப் போல நேராக உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் அந்தத் தலைவாழை இலை அப்படியே கிடந்தது. ரொட்டியும் கருவாடும் சுருட்டும், வைன் கிளாஸும். ஊதுபத்திப் புகை அம்மாவின் முகத்துக்கு நேரே ஏறியது. செத்தவருக்குப் போட்ட இலை. வெள்ளைக்காரர்களுக்கு அது தெரியாது, சமித்தவுக்குத் தெரியாது. நிதுஷனுக்குத் தெரியும், அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவுக்கும் தெரியும்.

"அம்மே, பொட்டக், கொஞ்சம் சிரிங்க," என்றான் சமித்த.

விஜிதா ஓடிப்போய் அம்மாவின் காலடியில் குந்தினாள். ஊதுபத்தியின் நெருப்பை விரலால் நசுக்கினாள், சுட்டது. இலையின் இரண்டு நுனியையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். கிளாஸ் சரிந்து வைன் அவள் மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது.

"மிஸ், கொஞ்சம் தள்ளுங்க. போட்டோவுக்குள்ள வாறீங்க."

"தள்ளிக்கடி," என்றாள் அம்மா, அவளைப் பார்க்காமல், போனைப் பார்த்தபடி. "எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

விஜிதா இலையை மடியோடு அணைத்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தாள். பின்னால் எல்லாப் போன்களும் கிளிக் கிளிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.