எமில் பிராண்ட் கரைக்கு வந்த நாள்

ஜனவரி பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு அமெரிக்காவில் துலூத் துறைமுகக் கால்வாயின் ஓரமாக நாற்பது கார்கள் நின்றன. ஒன்றில்கூட எஞ்சினை அணைக்கவில்லை; அணைத்தால் மறுபடி கிளம்பாது, அப்படி ஒரு குளிர். வேறு ஊர்க்காரன் என்றால் இந்த நேரத்தில் போர்வைக்கு வெளியே மூக்கை நீட்ட மாட்டான். இந்த ஊருக்கு ஏரிக் கப்பல் என்றால் பைத்தியம். அதிலும் பருவத்தின் கடைசிக் கப்பல் என்றால் கேட்கவே வேண்டாம். ஏரியின் அந்தக் கோடியில் கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகுகளை மூடியாயிற்று. இனி மார்ச் கடைசி வரைக்கும் ஒன்றும் வராது.

வெர்னா கல்லியோ வேடிக்கை பார்க்க வரவில்லை. மூத்த மகன் ஓரினை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்தாள். பின் சீட்டில் துணி சுற்றிய ஏலக்காய் ரொட்டி இருந்தது. விடியுமுன் எழுந்து ஜடை போலப் பின்னிச் சுட்டது, இன்னும் சூடு ஆறவில்லை.

டார்லீன் தன் காரை விட்டு இறங்கி ஓடிவந்து, கேட்காமலே வெர்னாவின் காருக்குள் ஏறிக்கொண்டாள். அவள் புருஷன் மில்ட் அதே கப்பலில் சமையல்காரன்.

"பத்து மாசம் நிம்மதியா இருந்தேன்டி. இனி ரெண்டு மாசம் சமையல்காரனுக்கு நான் சமைச்சுப் போடணும். உப்பு கம்மின்னு குத்தம் வேற சொல்லுவான்," என்றாள்.

வெர்னா சிரிக்கவில்லை. டார்லீனும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"வந்துருவான்டி. அம்மாகிட்ட எத்தனை நாள் கோவம் இருக்கும்?"

"கோவமா இருந்தாத் தேவலையே."

வெர்னாவின் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கப்பலில்தான் இருந்தார்கள். ஓரினுக்கு முப்பத்தொன்று. டேலுக்கு இருபத்து மூன்று. அம்மா காலைச் சுற்றிக்கொண்டே வளர்ந்த செல்லம் அவன். அவனைக் கப்பலில் சேர்த்துவிட்டதே ஓரின்தான். நவம்பரில் ஒஹாயோவில் ஒரு துறையில் கப்பல் கரையை நெருங்கியது. கப்பலைக் கட்டும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளை முதலில் கரையில் இறக்கியாக வேண்டும். பலகை ஒன்றில் அவனை உட்கார வைத்து, நீண்ட கம்பத்தில் வெளியே வீசி, கயிற்றைத் தளர்த்தித் தளர்த்தி இறக்குவார்கள். ஏரியில் எல்லாக் கப்பலிலும் நடப்பதுதான். அன்று பலகையில் டேல். கயிறு ஓரின் கையில். கயிற்றில் பனி பிடித்திருந்தது. டேல் கப்பலுக்கும் கரைச்சுவருக்கும் நடுவே விழுந்தான்.

துறைக் காவலர் அறையிலிருந்து ஓரின் போன் பண்ணினான். அவன் சொல்லி முடித்ததும் வெர்னா அழவில்லை. "கயிறு உன் கையிலதானே இருந்துச்சு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ஓரின் போனை வைத்துவிட்டான். டேலின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை. கப்பலோடேயே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவள் இரண்டு கடிதம் போட்டாள். டெட்ராய்ட்டில் ஓடுகிற கப்பலுக்கே படகில் போய்த் தபால் கொடுப்பார்கள், அதனால் கிடைக்காமல் போக வழியில்லை. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதை எழுதினாள். கூரையில் ஏறிய பனியைப் பற்றி எழுதினாள். எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. இந்த ஊர் ஆட்களுக்கு மன்னிப்பு என்பது வாயிலும் வராது, பேனாவிலும் வராது. ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"அதோ," என்றாள் டார்லீன்.

ஏரி முழுக்க ஆவி எழும்பிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து முதலில் கொடிமரம் தெரிந்தது, பிறகு முகப்பு. முகப்பு முழுக்க வெள்ளையாக உறைந்து, பெயரே தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எமில் பிராண்ட் கப்பலைத் தெரியாதவர் இந்த ஊரில் யார்? கம்பெனிப் பெரிய மனிதர் யாரோ, பாவம், வாழ்நாளில் ஒரு கயிற்றைத் தொட்டிருக்க மாட்டார், ஆனால் பெயர் மட்டும் கப்பலுக்கு.

நாற்பது கார்களும் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தன. கப்பல் நீளமாக ஒருமுறையும் குட்டையாக இருமுறையும் ஊதியது. தூக்குப் பாலம் பதிலுக்கு ஊதியது. கார்க் கண்ணாடி அதிர்ந்தது. வெர்னா இறங்கி கால்வாய்ச் சுவர் வரைக்கும் நடந்தாள். கப்பலின் பக்கச் சுவர் கை நீட்டினால் தொடுகிற மாதிரி நகர்ந்து போனது. மேலே ஆட்கள் நின்றார்கள், கையசைத்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முகப்பில் நிற்க வேண்டியவன் ஓரின். அங்கே வேறு யாரோ நின்றான்.

"உள்ள வேலையா இருப்பான்," என்றாள் பின்னால் வந்த டார்லீன்.

கப்பல் குளிர்காலத்துக்கு ஒதுங்கும் துறை அங்கிருந்து காரில் பத்து நிமிடம். இருவரும் வேலியோரம் நின்றார்கள். கப்பலிலிருந்து கம்பம் வெளியே நீண்டது. பலகையில் ஒரு பையன் உட்கார்ந்து இறங்கினான். வெர்னா வேலியைப் பிடித்துக்கொண்டு, அவன் கால் தரையில் படுகிற வரைக்கும் மூச்சு விடவில்லை. அது அவள் பிள்ளை இல்லை.

ஏணி இறங்கியது. ஒவ்வொருவராகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பதினாறு பேரை எண்ணினாள். மில்ட் கடைசி ஆளாக வந்து பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டான், அப்புறம்தான் வெர்னாவைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே போய்விட்டது.

"உங்ககிட்டச் சொல்லலையா அவன்?"

"என்ன சொல்லலை?"

"இந்த வருஷம் கப்பல் காவலுக்கு அவனே பேர் குடுத்துட்டான். வசந்தம் வரைக்கும் இங்கயேதான் இருப்பான், தனியா. வேணாம்டான்னு நாங்க எல்லாரும் சொல்லிப் பார்த்தோம்."

வெர்னாவின் வீடு துறைக்கு மேலே குன்றில் இருந்தது. நடந்தால் இருபது நிமிடம். சமையலறை விளக்கைப் போட்டால் கப்பலிலிருந்தே தெரியும். அவ்வளவு கிட்டத்தில் ஒரு காலி இரும்புக் கூட்டுக்குள் படுத்துக்கொள்கிறானாம், வீட்டுக்கு வரமாட்டானாம்.

"கூப்பிடு அவனை."

மில்ட் ஏறிப்போனான். வெகு நேரம் கழித்து ஓரின் வந்தான். தாடி வளர்த்திருந்தான். கீழிருந்து மூன்றாம் படியில் நின்றுவிட்டான், தரைக்கு வரவில்லை.

"குளிர்ல ஏம்மா நிக்கிற?"

"ரொட்டி சுட்டேன். வண்டியில இருக்கு, வா."

"மில்ட்கிட்டக் குடுத்துவிடு."

"உன் ரூமைச் சூடு பண்ணி வச்சிருக்கேன்டா."

"இங்க ஆள் வேணும்மா. குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சிரும்."

"இத்தனை பெரிய ஊர்ல குழாய் பார்க்க வேற ஆளே கிடைக்கலையா?"

அவன் மேல்படியில் ஒரு காலை வைத்தான். இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று வெர்னாவுக்குத் தெரிந்தது. அறுபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அன்னிக்கு போன்ல கேட்டேனே, அது தப்பு. என் மேலதான் தப்பு. மன்னிச்சுரு."

"தப்பில்லம்மா. கயிறு என் கையிலதான் இருந்துச்சு."

வலது கையுறையைக் கழற்றிக் கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கை முழுக்க, விரல் அடிவரைக்கும், புதுத்தோல் ரோஸாக இழுத்துக்கொண்டு கிடந்தது. ஓடுகிற கயிற்றை விடாமல் பிடித்த கை. கையுறையோடு சேர்த்து உரித்திருக்கிறது. கயிறு உன் கையில்தானே என்று கேட்டவளுக்கு, அந்தக் கைக்கு என்ன ஆச்சு என்று கேட்கத் தோன்றவே இல்லை. இரண்டு மாதத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"ஓரின்..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன்மா. மறைக்காமச் சொல்லு. கயிறு டேல் கையில இருந்து, நான் விழுந்திருந்தா, அவன்கிட்ட அதைக் கேட்டிருப்பியா?"

வெர்னா வாயைத் திறந்தாள். கேட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் மனசுக்குள் போனின் அந்தப் பக்கம் டேல் அழுவது அவளுக்குக் கேட்டுவிட்டது. அவனிடம் என்ன கேட்டிருப்பாள் என்றும் தெரிந்துவிட்டது. உனக்கு ஒண்ணும் ஆகலையே கண்ணு என்றுதான் கேட்டிருப்பாள்.

ஓரின் காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு தலையை மெல்ல ஆட்டிவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டான்.

"வீட்டுக்குப் போம்மா," என்று சொல்லிவிட்டு ஏறினான்.

"கேட்டிருப்பேன்டா. அவனையும் கேட்டிருப்பேன்," என்றாள் அவன் முதுகைப் பார்த்து. அவன் திரும்பவில்லை. பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

டார்லீன் வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"என்னடி சொன்னான்?"

"ஒண்ணு கேட்டான்," என்றாள் வெர்னா. "பதில் சொல்ல எனக்குத் தாமதமாயிருச்சு."