எதிர்ச் சுவரில் இருந்தவர்

முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறிய மூச்சிரைப்பு அடங்கும் முன்பே, அந்த அம்மாள் தன் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாள். எங்கள் ஊர்ப் பேராலயத்தின் கோபுர உச்சியில் இருபத்திரண்டு வருடமாகக் காவல் இருக்கிறேன். மேலே வருகிறவர்கள் வழக்கமாக என்னிடம் தேடுவது கழிப்பறையைத்தான்.

பெயர் ஒடீல். ஐம்பதைத் தாண்டியிருக்கும். மூன்று ரயில் மாறி வந்திருந்தாள். அவளுக்கு இரண்டு வயதாகும்போது அப்பா கஸ்தோன் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அம்மா ஆத்திரத்தில் அவருடைய படங்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாள். மிஞ்சியது ஓர் உளிப்பெட்டி. அதன் மூடியில் அவருடைய குறி, ஒரு மீன். இந்தக் கோபுரத்தைப் பழுதுபார்த்த கல்தச்சர்களில் அவரும் ஒருவர். அவர்கள் முகங்களெல்லாம் மேலே கல்லில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். அப்பா முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ஒவ்வொரு தலைக்கும் கீழே குனிந்து குனிந்து மீனைத் தேடினாள். எனக்கும் ஆவல் தாங்கவில்லை, மேசையை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். ஏழாவது தலையின் கீழே மீன் இருந்தது. உருளைக்கிழங்கு மூக்கு, இரட்டை மோவாய், சின்னஞ்சிறு காது. அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“கோவம் வந்தா அம்மா என்னை ‘அந்த ஆளோட காது’ன்னு திட்டுவாங்க. இவருக்குக் காதே இல்லியே.”

படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“கொஞ்சம் நில்லுங்க மேடம். மீன் உங்கப்பாவோடதுதான், செதுக்கினவர் போடுற குறி அது. மூஞ்சி அவரோட கூட்டாளியோடது. தன் மூஞ்சியத் தானே செதுக்கக் கூடாதுங்கறது இவங்க வழக்கம். இவர் அவரைச் செதுக்குவார், அவர் இவரை.”

“அப்போ எங்கப்பா?”

“பின்னால பாருங்க. ஜோடி ஜோடியா எதிரெதிர்லதான் வெச்சிருப்பாங்க.”

குறுகலான நடைக்கு அந்தப்புறம், முறம்போலக் காது விரித்த ஒல்லி மனிதர் நண்பனைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தார். ஒரு காதில் பாசி பிடித்திருந்தது.

ஒடீல் கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். குளிரில் சிவந்து, இரண்டு காதுகளும் விடைத்துக்கொண்டு வெளியே வந்தன. நான் பார்க்கிறேனா என்று அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மனசு கேட்கவில்லை, ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் முகத்துக்கு நேரே நின்று, அவளும் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள்.