ரோட்டுப் பள்ளியும் மேட்டுப் பள்ளியும்

கல்வி அலுவலகத்தின் ஜீப் பட்டறையில் கிடந்ததால், அங்கே வேலை பார்க்கும் அக்கா, தன் தங்கை ஓட்டும் வாடகைக் காரையே பிடித்துக்கொண்டாள். வட்டாரத்தின் ஐந்து அரசுத் தொடக்கப் பள்ளிகளையும் நேரில் பார்த்து, ஒரே படிவத்தில் மதிப்பெண் போட வேண்டும் என்பது உத்தரவு. மதிப்பெண்ணில் கடைசியாக வருகிற பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு வேனில் அனுப்புவார்கள். மூன்று பள்ளிகள் முடிந்துவிட்டன. மிச்சமிருந்த இரண்டில் ரோட்டுப் பள்ளி அக்கா படித்தது. மேட்டுப் பள்ளி தங்கை படித்தது.

ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பள்ளிக்குப் போனதற்குக் காரணம் அம்மாவின் வேலை. சின்னவளுக்கு ஐந்து வயதானபோது, மேட்டிலிருந்த ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் சலவை வேலை கிடைத்தது. போகிற வழியில் விட்டு, வருகிற வழியில் கூட்டிவரலாம் என்று அவளை அங்கேயே சேர்த்துவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. "எங்க ஸ்கூல்ல லைப்ரரி இருக்கே!" என்பாள் பெரியவள். "எங்க ஸ்கூல்ல முயல் இருக்கே!" என்பாள் சின்னவள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு ஸ்கூல்லயும் வாயை மூடச் சொல்லித் தரமாட்டாங்களா?" என்று கேட்பார்.

முதலில் ரோட்டுப் பள்ளிக்குப் போனார்கள். புதுப்பித்த கட்டடம், பளபளவென்று டைல்ஸ் தரை. அக்காவின் நான்காம் வகுப்பு அறை இப்போது தலைமையாசிரியை அறையாகிவிட்டது. ஜன்னல் மட்டும் பழையது. அந்த ஜன்னலடியில்தான், மணி அடிப்பதற்கு முன் டீச்சர் அவளை நிறுத்தி வைத்துத் தினமும் தலை பின்னிவிடுவார். அம்மா சின்னவளைக் கூட்டிக்கொண்டு அவசரமாக வேலைக்குக் கிளம்பிவிடுவதால், இவள் தலையை ஏதோ ஒரு மாதிரி முடிந்துகொண்டு வருவாள். டீச்சர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. வாயில் ரிப்பனைக் கவ்விக்கொண்டே, "ஆடாம நில்லு" என்பார். அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கோரஸாகப் பாடத்தை ஒப்பித்தார்கள். ஒரு பிழை இல்லை. அக்கா புத்தகத்தில் வேறு பக்கத்தைத் திருப்பி ஆறு பேரை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னாள். அதில் இரண்டு பேர்தான் வாசித்தார்கள். கம்ப்யூட்டர் அறையில் ஆறு கம்ப்யூட்டர்களும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன.

"கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டிருக்கோம்" என்றார் தலைமையாசிரியை.

கம்ப்யூட்டர் அறை உண்டா என்றுதான் படிவம் கேட்டது. உண்டு. பத்து மதிப்பெண்.

மேட்டுப் பள்ளிச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். மொத்தம் இருபத்து மூன்று பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். ஒரே அறையில் இரண்டு வகுப்புகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. முயல் கூண்டு இருந்த மூலையில் இப்போது விறகு அடுக்கியிருந்தது. தங்கை காரில் இருக்காமல் பின்னாலேயே வந்துவிட்டாள். "இங்கதான் உட்காருவேன்" என்று ஒரு பெஞ்சைத் தடவிப் பார்த்தாள்.

அக்கா வாசிக்கச் சொன்ன ஆறு பேரும் வாசித்தார்கள். இரண்டாம் வகுப்புக் குட்டி ஒருத்தி கேட்காமலேயே அக்காவின் படிவத்தைத் தலைகீழாக வாசிக்க ஆரம்பித்தாள்.

"கழிப்பறைக் கதவு, இல்லை." நிமிர்ந்து பார்த்தாள். "கதவு இருக்கு மிஸ். தாழ்ப்பாள்தான் இல்ல."

பெரிய ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அக்கா படிவத்தில் அந்த வரியை அடித்துத் திருத்தினாள்.

திரும்பும்போது காரை ஓரங்கட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். கட்டடத்துக்கும் வசதிக்கும் எழுபது, வாசிப்புக்குப் பத்து, மற்றதெல்லாம் இருபது. ரோட்டுப் பள்ளி எழுபத்தெட்டு வாங்கி முதலில் நின்றது. மேட்டுப் பள்ளி நாற்பத்தொன்றோடு கடைசி.

"அதானே பார்த்தேன். உங்க ஸ்கூலை நீ விட்டுக் கொடுப்பியா?" என்றாள் தங்கை. கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், குரல் பாதியில் மாறிவிட்டது.

"நானா போட்டேன்? படிவம் போடுது."

"கையெழுத்து உன்னோடதுதானே?"

அக்கா படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள். "எனக்கு உங்க ஸ்கூல் மேல அப்பவே பொறாமை. தினமும் அம்மா கையைப் பிடிச்சிட்டுப் போவ. நான் தனியா நிப்பேன். லைப்ரரி லைப்ரரின்னு பீத்திப்பேனே, அது ஒரு பீரோ. ஒருநாள்கூடத் திறந்ததில்ல."

தங்கை திரும்பிப் பார்த்தாள். "நான் அம்மா கையை உதறிக்கிட்டு அழுதுட்டே போவேன், தெரியுமா? நீ கூட்டாளிங்களோட ஓடுறதைப் பார்த்து."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது.

படிவத்தில் குறிப்புக்கு இரண்டே வரிதான் இடம். அக்கா மூன்று தாள் தனியாக எழுதி இணைத்தாள். முதல் வரியிலேயே தான் எங்கே படித்தவள், தங்கை எங்கே படித்தவள் என்று எழுதிவிட்டாள். ஐந்து பள்ளிகளிலும் எத்தனை பிள்ளைகள் தனியாக வாசித்தார்கள் என்பதை அடுத்து எழுதினாள். அந்த வரிசையில் மேட்டுப் பள்ளி முதலிலும் ரோட்டுப் பள்ளி நான்காவதாகவும் இருந்தன.

அலுவலகத்தில் அதிகாரி அதைப் பார்த்து முகம் சுளித்தார். "மார்க் போடச் சொன்னா கதை எழுதிட்டு வந்திருக்கீங்க."

"மார்க்கும் இருக்கு சார். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, போதும்."

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. மேட்டுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை இருக்கும். நான்கும் ஐந்தும் ரோட்டுப் பள்ளிக்குப் போகும். பெரிய ஆசிரியை வாரத்தில் இரண்டு நாள் ரோட்டுப் பள்ளியில் வாசிப்பு வகுப்பு எடுப்பார். அக்கா தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"பாதியாவது தப்பிச்சுதே" என்ற தங்கை, "அவங்களுக்கு இது தபால்ல போய்ச் சேர வேண்டாம். நாமே போய்ச் சொல்லிடலாம். நாளைக்கு லீவு போடு" என்றாள்.

மறுநாள் பெரிய ஆசிரியை உத்தரவை இரண்டு முறை படித்தார். "நாலும் அஞ்சும் சேர்த்து எட்டுப் பேர்" என்று மட்டும் சொன்னார். பிறகு நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். ரோட்டுப் பள்ளியில் யாரை முன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும், யாரிடம் அதட்டிப் பேசக் கூடாது, யார் பசித்தாலும் வாய் திறக்க மாட்டாள். அக்கா பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள்.