சும்மா இருக்கும்போது

பற்பசை விளம்பரத்து முயல் பல்லைக் காட்டுவதற்காக வாயைத் திறந்ததும் திரை இருண்டது. காலையிலிருந்து இதே கூத்துதான். முயல் வாயைத் திறக்கும், கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொள்ளும். மதியத்துக்குள் படம் வரவில்லையென்றால் இந்த வேலை மட்டுமல்ல, இனி எந்த வேலையுமே கிடையாது என்று ஸ்டுடியோக்காரர் பச்சையாகவே சொல்லியிருந்தார். இந்த வீட்டில் இப்போது அடுப்பு எரிவது அவள் வரைகிற முயலாலும் கரடியாலும்தான்.

ஆலையை மூடியதிலிருந்து கணவன் வீட்டோடு இருக்கிறான். பெரிய பெரிய மெஷின்களுக்கு செட்டிங் பார்த்த கை. அவன் வேலை போன நாளிலிருந்து 'சும்மா' என்ற சொல்லை அவள் வாயில் வரவிட்டதில்லை. சும்மா கேட்டேன், சும்மா சொன்னேன் என்று நினைக்காமலே வந்து விழுகிற சொல். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்து விழுங்கினாள். நாத்தனார் ஒருமுறை போனில், "அண்ணன் சும்மாதான் இருக்காரா?" என்று கேட்டதற்காக அவளிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

போன வாரம் அந்த யோசனையைச் சொன்னது அவன்தான். வரைந்ததை ஓடும் படமாக்க ரெண்டர் போட்டால், கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைச் செய்கிற கிராபிக்ஸ் கார்டின் விசிறி கத்துகிற கத்தலில் வீட்டில் ஒரு வார்த்தை பேச முடியாது. அறையும் கொதிக்கும்.

"தேவைக்கு மேல வோல்டேஜ் போகுது. வேகம் அப்படியே இருக்கட்டும், வோல்டேஜை மட்டும் கொறைச்சுப் பாக்கலாம்" என்றான்.

குறைத்தான். சத்தம் நிஜமாகவே அடங்கியது, சூடும் தணிந்தது. "அட, கலக்கிட்டீங்க!" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். பல மாதம் கழித்து அவன் முகம் தெளிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்தப் பாராட்டே வினையாகப் போனது.

"நேத்து நீ கடைக்குப் போனப்ப இன்னும் கொஞ்சம் கொறைச்சேன்" என்றான் இப்போது, அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

"எவ்வளவு?"

"நம்பர் அசையவே இல்லம்மா. எவ்வளவு இழுத்தாலும் அதே எழுநூறு மில்லிவோல்ட்ல நின்னுச்சு. மாத்தினது ஏறலையோன்னு மறுபடி மறுபடி கொறைச்சேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். எதுவும் ஓடாத நேரத்தில் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறான். ஓய்ந்திருக்கும்போது கார்டுக்கென்று ஓர் அடிமட்டம் உண்டு. யார் இழுத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. இவன் குறைத்ததெல்லாம் ஓடும்போது வேண்டிய வோல்டேஜில் போய் விழுந்திருக்கிறது; அதனால்தான் ரெண்டர் போட்டதும் திரை இருள்கிறது. வந்த ஆத்திரத்தில் நாக்கு கட்டு மீறியது.

"சும்மா இருக்கறப்ப பாத்தா என்ன தெரியும்? சும்மா இருக்கறதுக்கே அதுக்கு அவ்வளவு வேணும். வேலை குடுத்தாதானே தாங்குமா தாங்காதான்னு தெரியும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. 'உங்களைச் சொல்லலைங்க' என்று ஒரு வார்த்தை போதும். உதடு வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று வீம்பு பிடித்தது. அந்த வீம்பை நினைத்துத் தன்மீதே அருவருப்பு வந்தது, ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி" என்றான். செருப்பில்லாத காலடிகள் கூடத்துக்குப் போயின.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றினாள். கார்டு கத்த ஆரம்பித்தது. முயல் இந்தத் தடவை ஈயென்று முழுசாகச் சிரித்தது. படம் பாதி ஓடுவதற்குள் மதியமாகி, ஸ்டுடியோக்காரர் போனில் கூப்பிட்டுவிட்டார்.

"விடும்மா. வேற ஆள்கிட்ட குடுத்தாச்சு."

இனி யாருக்காகச் சிரிக்கிறது இந்த முயல்? நிறுத்தினாள். கத்தல் அடங்கியதும் வீடு விறைத்துப்போய்க் கிடந்தது.

கூடத்தில் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி ஓடவில்லை.

"கரண்ட் இருக்கே. ஃபேனைப் போட்டுக்கிட்டா என்ன?"

"சும்மாதானே இருக்கேன்" என்றான். "எனக்கு எதுக்கு?"

அவள் போய் சுவிட்சைப் போட்டாள். அவன் எழுந்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அதை அணைத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தான். எடுத்த வேகம் தீரும்வரை இறக்கைகள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.