மஞ்சள் கோட்டும் சுண்ணாம்புக் கையும்

மாத்தளை டவுனில் இளவட்டங்கள் என்ன உடுத்த வேணும் என்று தீர்மானித்தது ஒரு கண்ணாடி அலுமாரி. திருக்கோணமலை வீதியில், நுஹ்மான் நானாவின் தையல்கடை வாசலில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. உள்ளே கையில்லாத ஒரு மரப்பொம்மை. அந்தப் பொம்மைக்கு நானா நீட்டுக் காலர் சட்டை மாட்டினால், உக்குவளையிலிருந்து நாலந்தா வரைக்கும் காலர் நீண்டுவிடும். பெல்பொட்டம் மாட்டினாரோ, ரோடு கூட்டுகிற ஆளுக்கு வேலை மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க டவுனுக்கு வரும்போதெல்லாம் பாப்பம்மா அந்த அலுமாரிக்கு முன்னால் நிற்பாள். உக்குவளைப் பக்கத்துத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிறவள் அவள். வாரம் முழுக்கக் குனிந்த முதுகு, அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் நிமிரும். தையல் மெஷின் கிடையாது, ஊசியும் நூலும்தான். துரை பங்களாவில் தூக்கிப் போட்ட பழைய கோட்டு ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்து வெட்டுக் கற்றுக்கொண்டவள். லயத்து வரிசை வீட்டுப் பொம்பிளைகளுக்கு அவள் தைத்த ரவிக்கை கச்சிதமாக உட்காரும். ஆனால் ரவிக்கைக்கு மேலே சேலை, சேலைக்கு மேலே இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்கு. யார் பார்க்கிறார்கள்? தன் கையால் தைத்த ஒன்றை ஊரு நின்று பார்க்க வேணும், அதுவும் அந்த அலுமாரிக்குள் வைத்துப் பார்க்க வேணும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு பைத்தியம்தான்.

வெளிநாட்டுத் துணி வருவது நின்றுபோன காலம் அது. சங்கக்கடையில் கூப்பனுக்கு வெள்ளைப் பொப்லின் கொடுத்தார்கள். ஊரே வெள்ளை. நானாவின் அலுமாரியிலும் வெள்ளைச் சட்டை.

இந்த வெள்ளையைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர் போர்டு எழுதுகிற மாணிக்கவாசகம். லொறிக்கும் கடைக்கும் எழுத்து எழுதிவிட்டு, மிச்சப் பெயின்டில் நாடகத்துக்குத் திரை வரைகிறவர். 'கடுகண்ணாவை மாப்பிள்ளை' என்று அவரே எழுதிய நாடகத்துக்கு நுஹ்மான் நானாவின் கடைப் பின்கட்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"மேடையில அத்தன பேரும் வெள்ளையில நின்னா, சனம் நாடகம் பாக்க வந்தமா எழவுக்கு வந்தமான்னு கேக்கும்யா" என்றார்.

"சாயப் பொடிக்கு நான் எங்க போறது மாஸ்டர்? கண்டியிலயும் இல்ல" என்றார் நானா.

நாடகத்தில் தாய் வேஷம் கட்டுகிறவன் பாப்பம்மாவின் புருஷன் செல்லச்சாமி. வாய் நிறைய வெற்றிலையோடு ஒரு மூலையில் இருந்தான். அவனுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்த பாப்பம்மா, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மஞ்சளு இல்லியா, நானா? மாத்தளையில பொறந்துட்டு சாயத்துக்கு அழுவுறீங்களே!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"கதாநாயகனுக்குக் கோட்டு நான் தைக்கிறேன். பச்ச மஞ்சள அரைச்சு, துணியோட சேத்து வேக வச்சா அப்படியே தங்கமாட்டம் வரும்."

"கோட்டா? நீயா?" நானா கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "புள்ள, கோட்டுண்டா ரவிக்கையில்ல. தோள் நிக்கோணும்."

"நிக்கலேன்னா என்னைய நிக்க வச்சு ஏசுங்க. நின்னுச்சுன்னா?"

"நிண்டா என்ன? ஊர் திரும்பிப் பாத்தா, என்ட சட்டையக் கழட்டிட்டு ஒன்டத அலுமாரியில மாட்டுறன். மாஸ்டர் சாட்சி."

நானா அதைச் சிரிப்புக்குத்தான் சொன்னார். பாப்பம்மா சிரிக்கவில்லை.

விடியப் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போய், வேலை முடிந்து வந்து, இடுப்பு ஒடிகிற நேரத்திலும் ஊசியை எடுத்தாள். மாவுச் சாக்கை உள்ளே வைத்து மேலே பொப்லின். தோள் நின்றது. மண்ணெண்ணெய் டின்னில் மஞ்சள் கொதித்தபோது லயம் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை.

கதாநாயகன் யாகூப். படமாளிகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன். சீப்பு இல்லாமல் வெளியே போகாதவன். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவனை இழுத்துப் பிடித்துத்தான் மேடைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஞாயிறு பின்னேரம், மண்டபம் நிறைந்து ஜன்னலெல்லாம் தலை. யாகூப் மேடை ஏறியதும் ஒரு விசில் கிளம்பியது பாருங்கள், கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்து பல்லேபொலப் பக்கம் போயிருக்கும். அத்தனை வெள்ளைக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள்! திரை ஓரத்தில் நின்ற பாப்பம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முன்வரிசையில் நானா வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்.

எல்லாம் அந்தத் தாய் வந்து சேரும் வரைக்கும்தான்.

மேடையில் வெற்றிலை போடக் கூடாது என்று பாப்பம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். செல்லச்சாமியோ சேலை மடிப்புக்குள் வெற்றிலையையும் சுண்ணாம்பு டப்பாவையும் செருகிக்கொண்டு போயிருந்தான். முறை வருவதற்குள் அவசரமாக ஒரு மடிப்பு. அதில் ஐந்து விரலிலும் சுண்ணாம்பு.

"மகனே! நீயாடா என் மகன்!" என்று கதறிக்கொண்டு ஓடிவந்து யாகூப்பைக் கட்டிப் பிடித்தான். லைட்டுச் சூட்டில் யாகூப்பின் முதுகு தெப்பமாக நனைந்திருந்தது. முதுகு சனத்தைப் பார்த்திருந்தது. தாய் கையை எடுத்தாள். மஞ்சள் கோட்டில் ஐந்து விரல், இரத்தச் சிவப்பாக.

"ஐயோ! பெத்தவளே குத்திப்புட்டாளே!" என்று ஒரு பொம்பிளை அலறினாள்.

"கத்திய எங்கடா ஒளிச்ச?" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

பாப்பம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும்! எத்தனை கல்யாணத்துக்கு ஆலாத்தித் தண்ணி கரைத்த கை அவளுடையது! அந்தக் கைக்குத் தோணாமல் போச்சே!

செல்லச்சாமி திகைத்துப் போய் அந்தச் சிவப்பைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க இன்னும் ஐந்து, இன்னும் ஐந்து. தோளில், கையில், இடுப்பில். தன் முதுகில் நடப்பது தெரியாத யாகூப், பாட்டு வரும் இடம் வந்ததும் பாட்டை எடுத்து, பம்பரமாகச் சுற்ற ஆரம்பித்தான்.

"சுத்தாதடா! சபையப் பாத்து நில்லுடா!" திரைக்குப் பின்னால் மாணிக்கவாசகம் கெஞ்சினார்.

யாகூப் இன்னும் வேகமாகச் சுற்றினான். சனம் பெஞ்சில் ஏறி நின்று சிரித்தது. பாப்பம்மா நானாவைப் பார்த்தாள். மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. பின்வாசலால் இறங்கி, ரயில் ரோட்டோடு உக்குவளைக்கு நடந்தே போய்விட்டாள்.

"ஒரு வாய் வெத்தலைக்கு என் மானத்த வித்துட்டீங்களே!" என்றாள், புருஷன் வீட்டுக்கு வந்ததும்.

"சனம் சிரிச்சுச்சு புள்ள. அழுவுற காட்சிக்குச் சிரிக்க வைக்கிறது லேசா?"

அந்த வாரம் முழுக்கப் பாப்பம்மா அவனுக்குச் சுண்ணாம்பைக் கண்ணில் காட்டவில்லை. வெறும் வெற்றிலையை மென்றுகொண்டு, வைக்கோல் தின்கிற மாடு மாதிரி முழித்தான்.

அடுத்த ஞாயிறு அரிசிக்கு வந்தே ஆக வேணும். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு புருஷனோடு மாத்தளை ஸ்டேசனில் இறங்கினாள். இறங்கியதும் கண்ணில் பட்டது ஒரு பையனின் முதுகு. மஞ்சள் சட்டை. அதில் ஐந்து சிவப்பு விரல்.

"பாத்தீங்களா, நம்மள வேணும்னே பகிடி பண்ணுறாங்க" என்றாள்.

நாலு அடி போனால் இன்னொருத்தன். அவன் சட்டையில் கை தலைகீழாக இருந்தது. வெற்றிலைக் கடையில் ஒருத்தன், "என்ட வாப்பாட கை, பெரிசு பாத்தியா?" என்று திரும்பித் திரும்பிக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவனின் சட்டை காலரிலிருந்து கீழ் மடிப்பு வரை ஒரே சிவப்பு. "உம்மா சவுக்காரம் போட்டுட்டாடா" என்று அழாக்குறையாகச் சொன்னான். பகிடி பண்ணுகிறவன் எவனும் இப்படி அழ மாட்டானே என்று பாப்பம்மா யோசித்தாள். முக்காடு தானாகவே நழுவியது.

நானாவின் கடை வாசலில் கூட்டம். நடுவே யாகூப், ஒரு வாரமாகக் கழற்றாத அதே கோட்டில், ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். யாரோடு பேசினாலும் முதுகால்தான் பேசினான்.

"எங்க போன நீ!" பாப்பம்மாவைக் கண்டதும் நானா பாய்ந்து வந்தார். "கோட்டுக் கேட்டு மனிசர் என்னைத் தின்னுறாங்க. கண்டவனெல்லாம் மஞ்சள அரைச்சு ஊரையே நாசமாக்கிட்டு ஈக்கான்!"

"ஊரு திரும்பிப் பாத்துச்சா, நானா?"

"திரும்பிப் பாத்திச்சாவா? இன்னும் கழுத்த நேராக்கல்ல!"

"அப்ப ஒங்க சட்டையக் கழட்டுங்க."

நானா தாடியைச் சொறிந்தார். அந்த அலுமாரியில் பிறத்தியார் சாமான் ஏறியதே இல்லை. "அது வந்து… கோட்டு ஒன்டதுதான். ஆனா ஊர் பாத்தது அந்தக் கையத்தானே? கை செல்லச்சாமிடது."

"அது மெய்தானே" என்றான் செல்லச்சாமி, நெஞ்சை நிமிர்த்தி. "கையி நம்ம கையி."

பாப்பம்மா புருஷனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு படி பின்னால் போனான். "ஒங்க மடியில இருக்கிற டப்பாவ எடுங்க" என்றாள்.

"சுண்ணாம்பா? நான் எங்க…"

"எடுங்கன்னேன்."

டப்பா வந்தது. யாரோ சாயம் போட்டு, தைக்கக் கொடுத்திருந்த மஞ்சள் பொப்லின் மேசையில் கிடந்தது. அவள் வாய்க்குத் தண்ணீர் எடுத்துப் புளிச்சென்று ஊதினாள். நனைந்த துணியின் அடி ஓரத்தில் பெருவிரல் நகத்தால் சுண்ணாம்பை ஒரு இழு இழுத்தாள். சிவப்பாக ஒரு புல் முளைத்தது. பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் சாய்ந்து. அவள் நாள் பூராவும் பிடுங்குகிற கோரை, அறுகு, சுணைப்புல். எது எங்கே கிளைக்கும், எது எந்தப் பக்கம் வளையும் என்று விரலுக்கே தெரியும். இடுப்பளவுக்கு வளர்ந்து, தோளைத் தொடப் போய், தொடாமல் குனிந்தது ஒரு பூக்கதிர். யாகூப் கூட முகத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"அந்த வலது மூலைய சும்மா விடு தங்கச்சி" என்றார் கூட்டத்தில் நின்ற மாணிக்கவாசகம், மூச்சை அடக்கிக்கொண்டு. "காத்து வரட்டும்."

அவள் விட்டாள்.

"இதுல யாரு கையி இருக்கு, நானா?"

நானா நேரே போய் மெஷினில் குந்தினார். அவள் வெட்டிக் கொடுத்ததைக் கட கடவென்று தைத்தார். பிறகு சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்து, தன்னுடைய வெள்ளைச் சட்டையைத் தானே கழற்றினார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்குகிற தகப்பன் மாதிரி முகம்.

"ஒண்ணு சொல்லிப்புடுறேன்" என்றாள் பாப்பம்மா. "மஞ்சளு வெயிலுக்கு நிக்காது. இந்த வாசல்ல ஒரு வாரத்துல வெளுத்துரும்."

"வெளுத்தா?"

"வேற கொண்டாருவேன்."

"அதும் வெளுத்தா?"

"வேற."

நானா கணக்குப் போட்டுப் பார்த்தார். கண் மெல்ல அகன்றது. "அடி கள்ளி! அப்ப என்ட சட்ட எப்ப ஏறுற?"

கூட்டம் கெக்கட்டம் விட்டுச் சிரித்தது. நானாவுக்கும் வயிறு குலுங்கியது. இந்த முறை அவர் தொப்பியைக் கழற்றிச் சிரித்தபோது பாப்பம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

கையில்லாத பொம்மைக்குச் சட்டை மாட்டுவது லேசில்லை. பாப்பம்மா அலுமாரிக்குள்ளேயே ஏறி நின்று, தோளை நேராக்கி, காலரை நிமிர்த்தினாள். வேலை முடிந்து திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திருக்கோணமலை வீதி முழுக்க முகங்கள். கூடை சுமந்தவர்கள், சைக்கிளை நிறுத்தியவர்கள், பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள். அத்தனை பேரும் நின்றிருந்தார்கள்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க! சட்டை தெரியல்ல!" என்று முன்னால் நின்றவன் கண்ணாடியைத் தட்டினான்.

நகரலாம்தான். ஆனால் பாப்பம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.